குருவானவர் இல்லாத முப்பது ஆண்டுகள்

விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்களைப் பழைய ஞானோபதேச நூல்கள் வரிசைப்படுத்தும். அவற்றுள் நடுவே நிற்கும் நம்பிக்கையை இன்றைய கத்தோலிக்கத் தமிழ் 'எதிர்நோக்கு' என்று எழுதுகிறது. பாப்பரசர் பிரான்சிஸ் 2025ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாக அறிவித்து, எதிர்நோக்கையே அதன் பொருளாக வைத்தபோது இச்சொல் பரவலாகக் காதில் விழுந்தது. நாவுக்குச் சற்றுப் புதிதான சொல்தான். ஆயினும் பதினேழாம் நூற்றாண்டின் இலங்கைக் கத்தோலிக்கரின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஒருவருக்காக வாசலைப் பார்த்திருந்த மக்கள் அவர்கள்.

அக்கதையை அக்குறணையிலிருந்து தொடங்குகிறேன். கண்டி நகருக்கு வடக்கே சுமார் பத்துக் கிலோமீற்றர் தொலைவில், மாத்தளை வீதியில் இருக்கும் வர்த்தக ஊர் அது. மழை கனத்தால் பிங்கா ஓயா பெருகிக் கடைவீதிக்குள் புகுந்துவிடும். வெள்ளச் செய்திகளில் அதன் பெயரை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். அங்கே பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். கிறித்தவ வரலாற்றுக்கும் அவ்வூருக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழுவது இயல்பே.

முதலாவது தொடர்பு வீதி. அக்குறணையை ஊடறுத்துச் செல்வது ஏ9 வீதி. கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணத்தில் முடிகிறது. போர்க்காலச் செய்திகளால் உலகத் தமிழர் அனைவருக்கும் அதன் வடபாதி தெரியும்; தென்முனையை நினைப்பவர் குறைவு. நான் சொல்லவிருக்கும் கதையின் முதற்பகுதி யாழ்ப்பாணத்திலும் இறுதிப்பகுதி கண்டியிலும் நடந்தது.

இரண்டாவது தொடர்பு புகலிடம். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களுக்கு இடமளித்தவன் கண்டி மன்னன் செனரத். ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் அவன் குடியேற்றினான் என்பது வரலாறு. மலைநாட்டிலும் முஸ்லிம் ஊர்கள் வளர்ந்தன. தவளம் எனப்படும் பொதிமாட்டு வணிகத்தில் உப்பும் கருவாடும் மேலேற, பாக்கு கீழிறங்கிற்று. இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் அரேபியர் மூவர் வந்து சிங்களப் பெண்களை மணந்து குடியேறியதே அக்குறணையின் தொடக்கம் என்பது அவ்வூரின் செவிவழி மரபு. மூவரோ முப்பதின்மரோ, கரையில் துரத்தப்பட்டவர்களுக்கு மலை இடங்கொடுத்தது என்பது மட்டும் உறுதி. துரத்தியவர்கள் கத்தோலிக்கர் என்பதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

காலச்சக்கரம் சுழல முப்பத்திரண்டு ஆண்டுகளே பிடித்தன. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கையில் வீழ்ந்தது. சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த அவர்கள், போர்த்துக்கேயரின் மதத்தைப் போர்த்துக்கேயரின் படைக்கு நிகராகவே அஞ்சினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் நாடு கடத்தப்பட்டனர். குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்ற ஆணை அதே ஆண்டில் வெளியாயிற்று. கோவில்கள் கைமாறின. திருமுழுக்கும் திருமணமும் ஒல்லாந்தரின் கோவிலில் நடந்து தோம்பில் பதிவாக வேண்டும். பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சொத்துரிமை சிக்கலாகும். அரச உத்தியோகமும் புதிய சபையோடு கட்டுண்டது. வாளைக் காட்டிலும் இந்தப் பதிவேடு வலிமையானது என்பது என் கருத்து. வாளுக்கு அஞ்சாதவனும் பிள்ளையின் காணி உறுதிக்கு அஞ்சுவான்.

ஆகவே மக்கள் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார்கள். பகலில் ஒல்லாந்தரின் பதிவேட்டில் பெயர், இரவில் வீட்டில் செபமாலை. இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. குரு இல்லையென்றால் கத்தோலிக்கருக்குத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நோயாளிக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. ஆனால் அவசர வேளையில் பொதுநிலையினர் எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். அந்த ஒரு வாசலை மக்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். மூப்பர்களும் அண்ணாவிமாரும் செபம் சொல்லிக் கொடுத்தார்கள், சாவீட்டில் முன்னின்றார்கள். 1658இல் பிறந்த குழந்தை, குருவானவர் என்ற மனிதரைக் கண்ணால் காணாமலே வளர்ந்து, மணமுடித்து, பிள்ளை பெற்று, அப்பிள்ளைக்கும் அதே செபங்களைச் சொல்லிக் கொடுத்திருக்கும். வரலாற்று நூல்கள் இப்பகுதியை ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. அந்த வீடுகளில் இருந்தவர்களின் பெயர்கள்கூட நமக்கு எஞ்சவில்லை.

அப்படிப்பட்ட நாட்டுக்குத்தான் 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். 1651 ஏப்ரல் 21இல் கோவாவில் பிறந்த கொங்கணியர். இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றித் தவிப்பதைக் கேள்வியுற்று, தமிழ் கற்றுக்கொண்டு, தூத்துக்குடி வழியாகக் கூலியாள் வேடத்தில் கடல் கடந்தார். வெள்ளையர் ஒருவரால் இது நடந்திராது. ஒல்லாந்தக் காவலரின் கண்ணுக்கு அவரும் கரையோரத்து ஏழைகளுள் ஒருவர். யாழ்ப்பாணத்தில் நோயுற்றுத் தேறியபின், கழுத்தில் செபமாலை தெரிய வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார் என்பார்கள். அந்த மாலையைக் கண்டதும் எந்த முகம் மலர்கிறது என்று பார்ப்பதே நோக்கம். முப்பது ஆண்டு எதிர்நோக்கு எப்படி நிறைவேறியது பாருங்கள்! வாசலில் வந்து நின்றவர், வந்தவர் யார் என்பதைச் சொல்லாமலே சோறு கேட்டார்.

சில்லாலை அவருடைய இருப்பிடமாயிற்று. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் சுற்றிவளைத்தார்கள். வழிபாட்டுக்குக் கூடியிருந்த முந்நூறு பேர்வரை பிடிபட்டார்கள் என்று கத்தோலிக்க வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். சிலருக்குக் கசையடியும் கடூழியமும் கிடைத்தன, மீளாதவர்களும் உண்டு. வாஸ் அடிகளார் தப்பினார். குரு தப்பி மக்கள் அகப்பட்ட அந்த இரவு அவர் மனத்தில் எப்படிக் கனத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அதன்பின் அவர் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்குச் சென்றார். 1692இல் மலையேறினார்.

கண்டியில் முதலில் கிடைத்தது விலங்கு. போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் கோள் சொன்னவர், அரசவையில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர். புரட்டஸ்தாந்தர் என்பதால் கத்தோலிக்க மன்னனின் பிரான்சில் வாழ முடியாத இனத்தவர். அகதியைப் பற்றி அகதி சொன்ன கோள்! சிறையிலே அடிகளார் சிங்களம் கற்றார். கெடுபிடி தளர்ந்ததும் சிறை வளவுக்குள்ளேயே ஓலைக் குடிசையொன்றைக் கோவிலாக்கினார். போர்த்துக்கேயர் காலத்தில் சிறைப்பட்டு வந்தோரின் வழியினரான கண்டிக் கத்தோலிக்கர் அங்கே வந்து கூடினார்கள்.

1696இல் நாடு வறண்டபோது அவர் செபித்து மழை பெய்தது, பீடத்தைச் சுற்றி மட்டும் நனையவில்லை என்பது பக்தர் மரபு. பத்திரிகைத் தொழிலின் பழக்கத்தால் மழையை நான் பக்தர்களுக்கே விட்டுவிடுகிறேன். அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததே என்னை அதிகம் ஈர்க்கிறது. 1697இல் பெரியம்மை பரவிற்று. மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றார்கள். நோய் கண்டவர்களை உறவினரே காட்டில் விட்டுச் சென்றார்கள். வாஸ் அடிகளாரும் அவ்வாண்டில் கோவாவிலிருந்து வந்து சேர்ந்த துணைக் குருவும் நகரிலேயே தங்கி, மதம் பாராமல் உணவு கொடுத்து, புண் கழுவி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். மன்னனின் ஐயம் அதன்பின் முற்றாக நீங்கியது. அவன் பௌத்தனாகவே வாழ்ந்து 1707இல் இறந்தான். ஆயினும் ஒல்லாந்தர் தேடிய குருக்கள் அவன் மண்ணில் பாதுகாப்பாக இருந்து, அங்கிருந்து மாறுவேடத்தில் கரையோரக் கிராமங்களுக்கு இறங்கிச் சென்று வந்தார்கள்.

இங்கேதான் அக்குறணையை மறுபடி நினைக்க வேண்டும். கத்தோலிக்கரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்கும், கல்வினியரால் துரத்தப்பட்ட கத்தோலிக்கருக்கும் இடமளித்தது ஒரே பௌத்த அரசு. முஸ்லிம்கள் பெற்ற இவ்வாதரவைப் பேராசிரியை லோனா தேவராஜா விரிவாக எழுதியிருக்கிறார். கத்தோலிக்கர் பெற்றதையும் அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், கிறித்தவ எதிர்நோக்கு இந்நாட்டில் பிழைத்ததற்குக் கிறித்தவரல்லாதார் தந்த இடமும் ஒரு காரணம் என்பது விளங்கும். பிரசங்கங்களில் இதை நான் அதிகம் கேட்டதில்லை.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரைத் தமிழர் சாங்கோபாங்க சுவாமி என்பர். குரு வர முடியாத ஊர்களுக்குப் புத்தகம் போகும் என்று கண்டவர் அவர். சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்தார். அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் நம்மவர் வாசித்து வரும் நூல். குரு இல்லாத இடத்திலும் அண்ணாவியார் ஒருவர் ஓதலாம் என்பதே அதன் பயன். வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16இல் கண்டியில் காலமானார். கோவாவுக்கு அவர் திரும்பவே இல்லை.

புகலிடம் என்றும் நிலைக்கவில்லை. ஸ்ரீ விஜய இராசசிங்கன் ஆண்ட 1740களில் கண்டியிலும் கோவில்கள் இடிக்கப்பட்டு, குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வாஸ் அடிகளாரின் கல்லறை இருந்த இடம்கூட இன்று தெரியாது. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோதும் வணங்க ஒரு கல்லறை இருக்கவில்லை. மறுபடியும் குருவற்ற காலம், மறுபடியும் மூப்பர்கள். அக்குறணையைத் தாண்டி, மாத்தளைக்கும் அப்பால் போனால் வஹகோட்டை என்ற கிராமம் வரும். போர்த்துக்கேய வழிவந்த அம்மக்கள் பேசுவது சிங்களம், வழிபடுவது அந்தோனியாரை. ஆங்கிலேயர் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கும்வரை கரையோரம் காத்திருந்தது போலவே, காட்டோரத்தில் இவர்களும் காத்திருந்தார்கள்.

அண்மைக்கால வரலாறு வாசகர்கள் அறிந்ததே. 2018 மார்ச்சில் திகணையில் மூண்ட வன்முறை கண்டி மாவட்டத்தின் பல முஸ்லிம் ஊர்களுக்குப் பரவி, அக்குறணையையும் தொட்டது. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களிலும் கொழும்பு விருந்தகங்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று ஏப்ரல் 21, வாஸ் அடிகளாரின் பிறந்தநாள். தற்செயல்தான், தற்செயல் என்று தெரிந்தும் நாட்காட்டியைப் பார்க்க மனம் கூசுகிறது. குண்டு வைத்தவர்களின் பாவத்துக்கு அதில் பங்கில்லாத முஸ்லிம்கள் அடுத்த மாதமே அடி வாங்கினார்கள். பழிவாங்கவேண்டாம் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது ஏட்டில் இருக்கிறது. அதே கர்தினால் நீதி கேட்டு அரசாங்கங்களோடு மோதியதும் ஏட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பொறுமை என்பது கணக்கைக் கிழித்தெறிவது ஆகாது.

குண்டுவெடிப்புக்கு அடுத்த ஞாயிறு, பாதுகாப்புக் காரணத்தால் கோவில்கள் திறக்கவில்லை. கர்தினால் தம் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியில் கண்டார்கள். ஒல்லாந்தர் காலத்தில் வணிகர் வேடத்தில் ஒளிந்திருந்த ஒரு குருவானவரிலிருந்து தொடங்கியது கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் என்பது அவ்விடத்து மரபு. குண்டு துளைத்த அக்கோவில் 2019 ஜூன் 12இல் மீண்டும் திறக்கப்பட்டது. மறுநாள் அந்தோனியார் திருநாள்.