ஒரே நாளிற் பிறந்த இரு பெயர்கள்

ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளைகள் பிறந்த வீட்டிலே பெயர் தேடுவது இனியதொரு வேலை. ஓசை பொருந்த வேண்டும். பொருளும் பொருந்த வேண்டும். கந்தன் - வள்ளி, இராமன் - சீதை என்னும் இணைகள் எத்துணை இனியவையாயினும் உடன்பிறந்தார்க்கு ஆகா. அவை கணவன் மனைவியர் பெயர்கள். ஆகவே கண்ணன் - சுபத்திரை என்று புராணத்து அண்ணன் தங்கையரை நாடுவோர் உளர். செல்வன் - செல்வி என்று ஒரு சொல்லையே இருபாலாக்கிக் கொள்வோரும் உளர். வீட்டு முற்றத்தில் இப்பெயர்கள் சமமானவை. ஆனால், முற்றத்தைத் தாண்டி ஏட்டில் ஏறியதும் அச்சமத்துவம் என்னாயிற்று என்பதே நாம் ஆராய வேண்டிய வரலாறு.

முதலிலே யாழ்ப்பாணத்தை நோக்குவோம். அங்கே பெயரின் ஈறு சாதியின் முத்திரையாக இருந்தது. நிலமுடையோர் வீட்டு இரட்டையர் செல்லையாவும் செல்லம்மாவும் ஆகலாம். அவர்தம் வயலில் உழைத்த ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளோ செல்லனும் செல்லியுமே ஆயினர். 'பிள்ளை', 'ஐயா', 'அம்மா' என்னும் மதிப்பீறுகளை இம்மக்கள் தம் பிள்ளைகளுக்குச் சூட்டுவது 'அடக்கமின்மை' எனக் கருதப்பட்டது. தோளிலே சால்வை போடுவதற்கும் காலிலே செருப்பணிவதற்கும் எவர் தடை விதித்தனரோ, அவரே பெயரின் நீளத்தையும் அளந்தனர். பெற்றோர் முழுப்பெயர் வைத்தாலும் ஊரார் அதனை வெட்டியே அழைத்தனர். ஓரிரு எழுத்தைச் சேர்ப்பதற்கும் ஒரு சமுதாயப் போராட்டம் வேண்டியிருந்தது.

மலைநாட்டின் கதை வேறொரு வகையினது. அங்கே 'பேர்' என்னும் சொல்லே பொருள் மாறிற்று. காலையிற் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, செக்ரோலிலே பெயருக்கு நேரே குறியிட்டால் அந்நாள் ஒரு 'பேர்'. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்', பாதிக் கூலி. மனிதனுடைய பெயர் ஒரு நாட்கூலியின் அளவாகச் சுருங்கிய இடம் உலகில் வேறெங்கே உண்டோ நாமறியோம். அப்பேரும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மதிப்புடையதன்று. 1984 ஆம் ஆண்டில் கூலி சமமாக்கப்படும்வரை, பெண்ணின் நாட்கூலி ஆணினதிலும் குறைவாகவே விதிக்கப்பட்டிருந்தது. ஒரே வயிற்றில் ஒரே நாளிற் பிறந்த செல்வனும் செல்வியும் ஒரே தோட்டத்தில் ஒரு முழுநாள் உழைத்தாலும், அண்ணன் பேர் ஒரு விலை. தங்கை பேர் அதனினும் குறைந்த விலை.

இனி எழுத்துக்கு வருவோம். இராமையா என்ற தொழிலாளிக்கு இவ்விரட்டையர் பிறந்தனர் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்துப் பிறப்பை அறிவிக்கும் பொறுப்பு பெற்றோரிடமன்றித் தோட்டத்துரையிடம் இருந்தது. பெயர் தாயின் வாயிலிருந்து கணக்கப்பிள்ளையின் காதுக்கும், அவர் பேனாவிலிருந்து துரையின் ஆங்கிலத் தாளுக்கும் போயிற்று. தமிழிலே இராமையா, ராமையா இரண்டும் வழக்கு. ஆகவே ஒரு பிள்ளையின் தலையெழுத்து 'இ.' ஆகலாம், மற்றப் பிள்ளையினது 'ரா.' ஆகலாம், ஆங்கிலத்திலோ 'ஆர்.' தந்தை கறுப்பையாவாயின் வல்லின றகரமா இடையின ரகரமா என்ற ஐயமும் சேர்ந்துவிடும். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், ழகரத்துக்குத் தனியெழுத்தில்லாத சிங்கள வரிவடிவத்திலும் அப்பெயர்கள் புகுந்தன. இரட்டையர் இருவரும் ஒரு தந்தைக்குப் பிறந்தவர்தாமா என்று காகிதமே ஐயுறும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

இதனைச் சிறு பிழையென்று ஒதுக்கிவிடலாகாது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இத்தீவிலே பிறந்தவரையும் நோக்கி, உன் தந்தை இங்கே பிறந்தவனா, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று அத்தாட்சி கேட்டது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வாழ்ந்தமையைக் காட்டச் சொன்னது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் எழுத்தாலான சான்று கேட்கப்பட்டது! பத்திரத்துக்குப் பத்திரம் மாறிய பெயர் அவர்களுக்கெதிரான சாட்சியாக நின்றது. விண்ணப்பித்தோரில் மிகப் பெரும்பாலோர் தள்ளப்பட்டனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அங்கும் 'பேர்' வெறும் எண்ணிக்கையே.

இவ்வளவையும் கடந்து செல்வன், செல்வி இருவரும் இந்நாட்டுப் பிரசைகளாயினர் என்றே கொள்வோம். அப்போதும் அவர்கள் சமமாகவில்லை. செல்வன் தன் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிந்தது. செல்வி நாடற்ற ஒருவனை மணந்தால் அவள் பிள்ளைகளும் நாடற்றவராயினர். சட்டத்தின் கண்ணில் வமிசம் தந்தைவழியே ஓடிற்று. தாய்வழியும் பிரசாவுரிமை செல்லும் என்ற திருத்தம் 2003 ஆம் ஆண்டிலேதான் வந்தது. பெயர் வைத்த அன்றே பெற்றோர் ஒப்புக்கொண்ட சமத்துவத்தை அரசு ஏற்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு கடமையை உணர்த்துகின்றது. பிள்ளையின் பெயரைப் பெற்றோரே தேர்க; அதன் எழுத்தையும் அவரே தீர்மானிக்க. அவர் எழுதவறியாதவராயின், எழுதவறிந்த நாம் உடனிருந்து, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே சீராக எழுதிக் கையிற் கொடுத்தல் வேண்டும். பாடசாலை இடாப்பிலே பெயர் எழுதும் ஆசிரியர் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை ஒருமுறை ஒப்புநோக்கினால் ஒரு குடும்பத்தின் பல்லாண்டுத் துயரம் தவிரும். அழகிய பெயர் வைப்பது அன்பின் செயல். அப்பெயர் இருவருக்கும் ஒரே கூலியையும் ஒரே உரிமையையும் பெற்றுத்தரும்படி செய்வது மக்கள் இயக்கத்தின் செயல். இரண்டும் கூடினாலன்றி இரட்டையர் இணையாகார்.