ஒகேனக்கல்: ஆறு எல்லையான கதை

பென்னாகரத்தைக் கடந்து மலைப்பாதையில் இறங்கத் தொடங்கியதும் பேருந்தில் பேச்சு குறைந்துவிடும். வளைவுகளுக்கிடையே காவிரிப் பள்ளத்தாக்கும், அதற்கப்பால் அடுக்கடுக்காக எழும் மலைகளும் தெரியும். மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் "பார்டர் எங்கே சார்?" என்று யாராவது ஒருவர் கேட்பதுண்டு. ஆற்றைக் காட்டுவேன். வரலாற்றை நோக்கினால் அது பாதி விடைதான்.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலைக் கம்பெனியாரிடம் இழந்தார். அப்போது இந்தக் கரை கம்பெனிக்கு, அந்தக் கரை மைசூருக்கு. ஏழே ஆண்டுகள். 1799இல் திப்பு வீழ்ந்தபின் கொள்ளேகாலம் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் 157 ஆண்டுகள் இரு கரைகளும் சென்னை மாகாணமே. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றபோதும் அப்படித்தான். 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலச் சீரமைப்பில் கொள்ளேகாலம் வட்டம் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. ஆறு மீண்டும் எல்லையாயிற்று.

கோடு மாறியதே தவிர மனிதர் மாறவில்லை. அக்கரை மாதேசுவரன் மலைக்கு அமாவாசைதோறும் தருமபுரி, சேலம் பக்கத்துக் குடியானவர்கள் இன்றும் போகிறார்கள். அங்குள்ள விடுதித் திண்ணைகளில் இரண்டு மொழிகளும் கலந்தே ஒலிக்கும். வீரப்பன் பிறந்த கோபிநத்தம் கர்நாடகத்தில் இருக்கும் தமிழ்பேசும் ஊர். காவல்படைகள் தேடியலைந்த அந்த ஊரில் பிற்காலத்தில் கர்நாடக அரசு நிறுவனம் சுற்றுலாப் பயணிகளுக்கென முகாம் நடத்தியது. வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

பெயரைக் குறித்தும் ஒரு வழக்கு உண்டு. 'ஹொகெ' என்றால் கன்னடத்தில் புகை. நீர்த்திவலை புகையாய் எழும் கல். தனித்தமிழ் அன்பர் சிலர் 'உகுநீர்க்கல்' என்பார்கள். அழகான சொல், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. பால் 'ஹாலு' ஆனதும், புலி 'ஹுலி' ஆனதும், பூ 'ஹூ' ஆனதும் போலவே புகை 'ஹொகெ' ஆகியிருக்கிறது. சொன்முதல் பகரம் ஹகரமாவது கன்னடத்தின் இடைக்கால ஒலிமாற்றம். கல்லோ இரு மொழிக்கும் கல்லேதான். அந்தப் பாறைகளுள் கார்பனடைட் வகையின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள் என்று நிலவியலார் கணித்திருக்கிறார்கள். அதன்முன் நம் மொழிச்சண்டைக்கு என்ன வயது?

2008 பிப்ரவரியில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது சண்டை பெயரோடு நிற்கவில்லை. மத்திய அரசு 1998இலேயே தடையின்மை தெரிவித்திருந்த திட்டம் அது. தமிழகத்துக்குரிய பங்கு நீரில், நம் கரையிலேயே எடுப்பதாக ஏற்பாடு. ஆயினும் எடியூரப்பா ஒகேனக்கல் வந்து எதிர்ப்புத் தெரிவித்தார், பெங்களூரில் போராட்டம், சென்னையில் திரையுலகினர் உண்ணாவிரதம். கர்நாடகத் தேர்தல் முடியட்டும் என்று கருணாநிதி பணிகளைத் தள்ளிவைத்தார். பிறகு ஜப்பானியக் கடனுதவியுடன் வேலை நடந்து, 2013இல் ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மதிப்பீடு 1,928 கோடி ரூபாய்.

இந்த ஆரவாரத்தில் மறைந்துபோனது ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்கள் பலவற்றில் நிலத்தடி நீர் அதைத் தாண்டியது. குழந்தைப் பருவத்தில் அந்நீரைக் குடித்தவரின் பல்லில் பழுப்புக்கறை படிந்துவிடும்; முற்றினால் எலும்பையும் பற்றும். என் வகுப்பில் நன்றாகக் கவிதை எழுதிய ஒரு மாணவி இருந்தாள். சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். கூச்சம் என்றே வெகுநாள் எண்ணியிருந்தேன்.

அருவிக்கரையில் தமிழ்நாடு ஓட்டல் இருக்கிறது. முதலைப் பண்ணை, தொங்குபாலம், பார்வைக் கோபுரம், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் எல்லாம் உண்டு. சென்ற முறை மாணவர்களோடு கோபுரத்தின்மேல் நின்றபோது, ஆற்றின் நடுவே இரு பரிசல்கள் நெருங்கின. ஒன்று இக்கரையது, மற்றது அக்கரையது. ஒருவர் துடுப்பை நிறுத்தித் தீப்பெட்டி கேட்டார். மற்றவர் எறிந்தார்.