கம்பியில்லா சோலார் தோட்ட விளக்கு

வீட்டு மின்சாரத்தைத் தொடாமல், பகல் வெயிலில் சார்ஜ் ஏறி இருட்டியதும் தானே எரியும் சிறு விளக்கு. தோட்டப் பாதையோரம் குத்தி வைப்பார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டுவார்கள். இதன் இரு பாதிகளும் வெவ்வேறு காலத்தவை. சிலிக்கன் சூரிய மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1954-இல் செய்துகாட்டியது. வெள்ளை எல்.இ.டி.க்கு வழி திறந்த பிரகாசமான நீல எல்.இ.டி. 1990-களின் தொடக்கத்தில்தான் ஜப்பானில் கைகூடியது. அதற்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. கடைகளில் இந்த விளக்கை மின்விளக்குக்கு மாற்று என்று சொல்லி விற்கிறார்கள். படி எங்கே, பாதை எங்கே என்று காட்ட இது போதும். மாடியில் உட்கார்ந்து சாப்பிடவோ படிக்கவோ போதாது. பேனலின் பரப்பே அதை முடிவு செய்துவிடுகிறது.

கணக்கு எளிது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் தருகிறது. 5 செ.மீ. சதுரப் பேனலில் விழுவது 2.5 வாட், அதில் 16 சதவீதம் மின்சாரமானால் 0.4 வாட். சென்னையில் ஒரு நாள் வெயிலை ஏறத்தாழ ஐந்து மணி நேர உச்சி வெயிலுக்குச் சமமாகக் கொண்டால் 2 வாட்-மணி சேரும். தூசு, பேட்டரி, சுற்று ஆகியவற்றில் பாதி போனதாக வைத்தால் மிஞ்சுவது 1 வாட்-மணி. வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்.இ.டி. அதைக் கொண்டு பத்து மணி நேரம் எரிந்தால் கிடைப்பது 10 லூமன். மெழுகுவர்த்தியே சுமார் 12 லூமன் தரும்; பழைய 60 வாட் குண்டு பல்பு 700 வரை தந்தது. டிசம்பர் மாத லண்டனில் ஒரு நாள் வெயில் ஒரு மணி நேர உச்சி வெயிலுக்குக்கூட ஈடாகாது. அங்கே இதுவும் எட்டாது.

எல்.இ.டி. நாளுக்கு நாள் மேம்படுகிறதே என்று கேட்கலாம். அது இரு மடங்கு திறன் பெற்றாலும் 20 லூமன்தான். பெரிய பேட்டரியும் உதவாது. ஊற்று அதே அளவாக இருக்கையில் குடத்தை மாற்றி என்ன பயன்? ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சென்சார் விளக்கு 300 லூமன் தருகிறதே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் அதே 1 வாட்-மணியில் அது மொத்தம் 20 நிமிடம், அதாவது அரை நிமிட வீதம் நாற்பது முறைதான் எரிய முடியும். மின்கட்டணம் மிச்சம் என்ற வாதமோ நிற்கவே நிற்காது: இரவுக்கு 1 வாட்-மணி என்றால் ஆண்டு முழுதுக்கும் அரை யூனிட்கூட ஆகாது. உண்மையான லாபம் கம்பி இல்லாததில்தான். மண்ணைத் தோண்டிக் குழாய் பதிக்க வேண்டாம், ஈரத் தரையில் ஷாக் பயம் இல்லை, வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பிடுங்கிக்கொண்டு போகலாம்.

மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே அதிகம் ஒன்றுமில்லை. பேனலும் எல்.இ.டி.யும் போக, பென்டார்ச் செல் அளவில் ஒரு 1.2 வோல்ட் நிக்கல் பேட்டரி, நான்கு கால் சில்லு, ஒரு சிறு கம்பிச் சுருள், அவ்வளவுதான். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். சில்லும் சுருளும் சேர்ந்து அந்த அளவுக்கு உயர்த்துகின்றன. மலிவான வகைகளில் இருட்டை அறியத் தனி சென்சார் கிடையாது, பேனலில் மின்னழுத்தம் விழுவதே அடையாளம். தெருவிளக்கின் வெளிச்சம் பேனலில் பட்டால் சில விளக்குகள் எரிய மறுப்பது இதனால்தான். இத்தனையிலும் முதலில் சாவது பேட்டரி. பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில். அதை மாற்ற முடியாதபடி ஒட்டி மூடிய விளக்கு, எல்.இ.டி. நன்றாக இருக்கும்போதே குப்பைக்குப் போகிறது. பெட்டியில் அச்சிட்ட லூமனைவிட, அடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்ப்பது மேல். மாற்றும்போது அதே நிக்கல் வகை ரீசார்ஜ் பேட்டரியைத்தான் போட வேண்டும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் செல்லைப் போட்டால், பேனல் அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். செல் கசிந்து உள்ளேயுள்ள தகட்டை அரித்துவிடும்.