தீராத முதுகுவலி, மூட்டுவலி... படுத்தே இருந்தால் மனசும் சோர்ந்துபோவது ஏன்?

குமரி மாவட்டத்தில் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போறவங்க, நாள் முழுக்க உட்கார்ந்து முந்திரி உடைக்கும் பெண்கள் எனப் பலருக்கும் முதுகுவலி, மூட்டுவலி பழகிப்போன விஷயம். 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது 'நாள்பட்ட வலி'.

படுத்தே இருந்தால்?
தசை பலம் இழக்கும், மூட்டு இறுகும். வெளியே போறதும் நாலு பேரோட பேசுறதும் நின்றுபோக, மனசு சோர்ந்துவிடும். அந்தச் சோர்வு வலியை இன்னும் கூட்டும்.

எப்படித் தொடங்கலாம்?
வலிக்கும் வரை நடக்காதீங்க, நேரம் வச்சு நடங்க. 10 நிமிஷம் தாங்கும்னா 7 நிமிஷத்தில் நிறுத்துங்க. வலி குறைவான நாளிலும் அதே 7 நிமிஷம்தான். 'இன்னைக்குப் பரவாயில்லை' என்று மொத்த வேலையையும் முடித்தால், மறுநாள் படுக்கைதான். வாரம் ஓரிரு நிமிஷம் கூட்டலாம். பேச்சுத்துணையோடு நடந்தால் மனசும் லேசாகும்.

உதவி எங்கே?
2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. மனச்சோர்வு 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம்.

கவனம்: கால் மரத்துப்போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ உடனே டாக்டரைப் பாருங்க.