செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் என்பது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கென உருவான கற்பித்தல் முறை. ஆசிரியர் சொல்லக் கேட்டுத் திரும்பச் சொல்வதற்கு மாறாக, குழந்தை அட்டைகளைக் கையாண்டும் எழுதியும் விளையாடியும் தன் வேகத்தில் மொழியையும் கணக்கையும் கற்கிறது.

தோற்றம்

இம்முறையின் பிறப்பிடம் வேலூர் வட்டாரம். தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றுவது வீட்டுத் தொழில். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் பீடி முனை மடித்தனர். 1990களில் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். பி. விஜயகுமார், கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளை மீட்டுச் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்க முனைந்தார். பத்து வயதுப் பிள்ளையை ஆறு வயதுக் குழந்தைகளோடு முதல் வகுப்பில் உட்காரவைக்க இயலாது. வயதுக்குரிய வகுப்பில் சேர்த்தால் எழுத்து தெரியாது. வகுப்பைவிடக் குழந்தையின் நிலையை அளவாகக் கொள்ளும் தேவை இங்கிருந்து எழுந்தது.

கருத்தளவில் இதற்கு மூத்த மரபுகள் உண்டு. மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தொடங்கிய குழந்தைகள் இல்லம், 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த கைத்தொழில்வழி ஆதாரக் கல்வி, 1972இல் டேவிட் ஹார்ஸ்பரோ கோலார் மாவட்டத்தில் நிறுவிய நீல்பாக் பள்ளி ஆகியவை அவற்றுள் சில. கற்றல் அட்டை, பாடப் படிகளைக் காட்டும் ஏணி ஆகியவற்றின் வடிவம் மதனப்பள்ளியை அடுத்த ரிஷி பள்ளத்தாக்கின் கிராமப் பள்ளிகளிலிருந்து பெறப்பட்டது.

கருவிகள்

பாடம் சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டுச் சுவரில் ‘கற்றல் ஏணி’யாகத் தொங்கும். ஒவ்வொரு படிக்கும் விலங்கு, பறவை போன்ற சின்னம் பொறித்த அட்டை உண்டு. எழுத்தறியாத குழந்தையும் சின்னத்தைப் பார்த்து அட்டையைத் தானே எடுக்கும். தமிழில் அகர வரிசை கைவிடப்பட்டு, எழுத எளிய ட, ப, ம போன்ற எழுத்துகள் முன்வைக்கப்பட்டன. இதனால் சில நாள்களிலேயே ‘படம்’, ‘மடம்’ போன்ற சொற்களைக் குழந்தை வாசிக்க முடிகிறது. குழந்தையின் உயரத்துக்கேற்ற கரும்பலகையும், படைப்புகளைத் தொங்கவிடும் கம்பிப்பந்தலும் வகுப்பறையின் உறுப்புகள்.

குழுக்கள்

குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்வர். குழுக்கள் ஆறு: ஆசிரியரின் முழு உதவி பெறுவது, பகுதி உதவி பெறுவது, சக மாணவரின் முழு உதவி பெறுவது, பகுதி உதவி பெறுவது, தானே கற்பது, மதிப்பீட்டுக்கு அமர்வது. ஏணியில் முன்னேறுவதற்கேற்பக் குழந்தை குழு மாறும். ஒரே அறையில் பல வகுப்பினர் கலந்திருப்பர். இதனால் எழும் இரைச்சலை ஒழுங்கின்மை எனச் சில ஆசிரியர்களும் பெற்றோரும் குறைகூறினர்.

பரவல்

விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியே 2007-08இல் மாநிலமெங்கும் விரிவடைந்தது.

இன்றைய நிலை

2012-13இல் கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபின் பாடநூல் மீண்டும் முன்னிடம் பெற்றது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் குழந்தையின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள் உள்ளன.