மரை சொல்லும் வரலாறு: பழைய பிரெஞ்சுப் பந்தய மிதிவண்டிகளை அடையாளம் காணுதல்

ஓர் ஓலைச்சுவடியின் காலத்தை அதைக் கட்டியிருக்கும் கயிற்றைக் கொண்டு எவரும் கணிப்பதில்லை. கயிறு எப்போது வேண்டுமானாலும் மாற்றப்பட்டிருக்கலாம். பழைய பந்தய மிதிவண்டியின் வண்ணப்பூச்சும் அதன்மேல் ஒட்டியிருக்கும் நிறுவனப் பெயரும் அந்தக் கயிற்றைப் போன்றவையே. பியூஜோ பி.எக்ஸ்-10 வண்டியின் வெள்ளைச் சட்டகமும் கருப்பு இணைப்புகளும் சேகரிப்பாளர்கள் நன்கறிந்த தோற்றம். அதே தோற்றத்தை வேறொரு சட்டகத்துக்கு இன்று தருவது கடினமன்று. ஆகவே பிரெஞ்சு வண்டிகளை ஆராய்வோர் பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு உறுப்புகளைப் படிக்கிறார்கள். அவ்வாறு படிக்கும்போது வண்டியின் வயதோடு, தனக்கென ஓர் அளவுமுறையை வைத்திருந்த ஒரு தொழில் அந்த அளவுமுறையாலேயே தனிமைப்பட்ட கதையும் வெளிப்படுகிறது.

பிரான்சின் பெரிய மிதிவண்டி நிறுவனங்கள் சட்டகத்தைத் தாமே உருவாக்கி, ஏனைய உறுப்புகளைத் தனித்தனி ஆலைகளிடமிருந்து பெற்றன. கியர் மாற்றிகள் தீஜோன் நகரில் லூசியன் ஜுய் நிறுவிய சிம்ப்ளெக்ஸ் ஆலையிலிருந்தும், பிரேக்குகள் கிளெர்மோன்-ஃபெரானின் மாஃபாக்கிலிருந்தும், மிதிகட்டைகளைத் தாங்கும் கிராங்குகள் செந்த் எத்தியேனின் ஸ்ட்ராங்லைட்டிலிருந்தும் வந்தன. 1960களின் பிற்பகுதியைச் சேர்ந்த பி.எக்ஸ்-10 வண்டியில் இம்மூன்றோடு நார்மண்டி சக்கரக் குடங்களும் மாவிக் ரிம்களும் சேர்ந்திருப்பதே வழக்கம். ஒவ்வோர் ஆலைக்கும் தனி வரலாறு இருப்பதால், ஒவ்வோர் உறுப்பும் தனிச் சாட்சியாகிறது.

சாட்சிகளுள் மிகவும் உதவுவது சிம்ப்ளெக்ஸ். உலோகத்தாலான கியர் மாற்றிகளைச் செய்துவந்த அந்நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் டெல்ரின் என்னும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. எனவே டெல்ரின் கியர் மாற்றி பொருத்திய ஒரு வண்டி, அதே நிலையில் 1950களில் ஆலையைவிட்டு வெளிவந்திருக்க இயலாது. இங்குதான் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஓர் உறுப்பு தன் காலத்தை மட்டுமே உறுதிசெய்யும். தான் பொருத்தப்பட்டிருக்கும் சட்டகத்தின் காலத்தை அன்று. ஒரு செய்யுளில் வரும் பிற்காலச் சொல் ஒன்றைக் கொண்டு நூல் முழுவதையும் பிற்காலத்தது என்று தள்ளிவிடாமல், அது இடைச்செருகலாக இருக்கலாமா என்று பார்ப்பதைப் போலவே இங்கும் பார்க்க வேண்டியிருக்கிறது. மையார் ஆலையின் குடங்கள் பலவற்றில் வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முன்சக்கரக் குடமும் பின்சக்கரக் குடமும் ஒரே பருவத்தைக் காட்டி, கிராங்கும் பிரேக்கும் அதற்கு இசைந்தால், வாதம் வலுப்பெறும்.

இடைச்செருகல்கள் மிகுதியாக நிகழ்ந்த காலம் 1970களின் முற்பகுதி. அமெரிக்காவில் மிதிவண்டி மோகம் பெருகி, பிரெஞ்சு வண்டிகள் பெருமளவில் அங்கே இறக்குமதியாயின. டெல்ரின் நாளடைவில் தளர்ந்தது, விரிசல் விட்டது. உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டு ஜப்பானின் சன்டூர் மாற்றிகளையோ இத்தாலியின் கம்பக்னோலோவையோ பொருத்தினார்கள். ஏ.வி.ஏ. நிறுவனத்தின் ஹேண்டில்பார் தண்டுக்கோ முறிந்துபோகும் என்ற கெட்ட பெயர் உண்டு. அதை மாற்றியவர்கள் தம் உயிரைக் கருதியே மாற்றினார்கள். இத்தகைய மாற்றங்களை வண்டிக்கு நேர்ந்த மாசு என்று இன்றைய சேகரிப்பாளர் சிலர் கருதுவது வரலாற்றுணர்வு ஆகாது. பயன்பாட்டின் தடமும் ஆவணமே.

மறுபுறம், இத்தாலிய உறுப்பைக் கண்டவுடன் அது மாற்றப்பட்டதென முடிவு கட்டவும் கூடாது. ஜித்தான் நிறுவனத்தின் சூப்பர் கோர்சா ஆலையிலேயே கம்பக்னோலோ பூண்டு வந்த வண்டி. பிரெஞ்சு வண்டியின் பெருமைக்குரிய குழாயே பல வேளைகளில் ஆங்கிலேயருடையது: பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் 531.

அந்த ஆங்கிலக் குழாயை அளந்து பார்த்தால்தான் பிரான்ஸ் தெரியும். இங்கிலாந்தில் சட்டகத்தின் மேற்குழாய் 25.4 மி.மீ., இருக்கைக் குழாய் 28.6 மி.மீ., அதாவது அங்குலக் கணக்கு. பிரான்சுக்காக அதே ரெனால்ட்ஸ் 26, 28 மி.மீ. குழாய்களைச் செய்து அனுப்பியது. ஹேண்டில்பார் தண்டு ஆங்கில வண்டியில் 22.2 மி.மீ.; பிரெஞ்சு வண்டியில் 22.0. கண்ணுக்குத் தெரியாத இந்த 0.2 மி.மீ. வேறுபாட்டுக்காகவே அந்நியத் தண்டுகளைத் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். மிதிகட்டையின் மரை ஆங்கிலத்தில் 9/16 அங்குலம், பிரெஞ்சில் 14 மி.மீ. எல்லாவற்றிலும் உறுதியான சான்று, கிராங்க் அச்சு சுழலும் கூட்டின் மரை. பிரெஞ்சு அளவு 35 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. ஆங்கில அளவு 1.370 அங்குலம், அதாவது ஏறக்குறைய 34.8 மி.மீ. வண்ணத்தை மாற்றலாம், உறுப்புகளை மாற்றலாம். சட்டகத்துக்குள்ளேயே வெட்டப்பட்ட மரையைத் தடமின்றி மாற்றுவது அரிது.

மரையின் திசையும் பேசும். பிரெஞ்சு முறையில் கூட்டின் இரு பக்கக் கப்புகளும் வலஞ்சுழி மரை கொண்டவை. ஆங்கில முறையில் சங்கிலிப் பக்கக் கப்பு இடஞ்சுழி. மிதிக்க மிதிக்க அது தானே தளர்ந்துவிடாமலிருக்க அந்த ஏற்பாடு. அதே 35 மி.மீ. மரையில் இடஞ்சுழியைக் கையாண்டது சுவிஸ் முறை. 1970களின் மோட்டோபெக்கான் வண்டிகளில் இதைக் காணலாம். வண்ணம் முழுவதும் உதிர்ந்துபோன இரு சட்டகங்களுள் எது பியூஜோவாக இருக்கக்கூடும், எது மோட்டோபெக்கானாக இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு கப்பு கழலும் திசை துப்பாகிறது. மொழியியலார் எழுத்தைவிட ஒலியமைப்பை நம்புவதற்கு நிகரானது இது.

ஆனால் அடையாளம் தரும் இதே மரைதான் அத்தொழிலுக்குச் சுமையாயிற்று. அமெரிக்கப் பட்டறையில் ஒரு கப்பு தேய்ந்தால் பொருத்துவதற்குப் பிரெஞ்சு அளவு கிடைக்கவில்லை. ஆங்கில அளவு எங்கும் கிடைத்தது, ஜப்பானியரும் அதையே பின்பற்றினர். 1970களின் இறுதியில் சிம்ப்ளெக்ஸ், மாஃபாக், ஸ்ட்ராங்லைட், மையார் ஆகியவை ஸ்பிடெல் என்னும் பொதுப் பெயரில் சேர்ந்து விற்க முயன்றன. 1980களில் ஹூரேயும் மையாரும் ஜெர்மனியின் சாக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போயின. அப்பத்தாண்டின் முற்பகுதியிலேயே பியூஜோ உள்ளிட்ட நிறுவனங்கள் பழைய அளவுகளைக் கைவிடத் தொடங்கியிருந்தன.

ஆதலால் வெள்ளை வண்ணமும் கருப்பு இணைப்புகளும் டெல்ரின் மாற்றியும் கொண்டு 1960களுடையது என விலைபேசப்படும் ஒரு வண்டியின் அச்சுக் கூட்டில் 1.370 அங்குல மரை இருந்தால், கேள்வி உடனே எழுகிறது. சட்டகம் பிற்காலத்தது, அல்லது பிரெஞ்சு மரையின் மேல் ஆங்கில மரை வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவதெனில், விளக்கைக் கூட்டுக்குள் காட்டிப் பார்ப்போருக்கு, புதிய மரையின் அடியில் பழைய 1 மி.மீ. வெட்டின் மிச்சம் சில வேளைகளில் தென்படும்.