நடுக்களத்தில் நின்றவர்கள்

கால்பந்தாட்டத்தின் விதிகள் ஆட்டத்தின் முடிவுக்கு ஒரே ஒரு கணக்கைத்தான் ஏற்கின்றன. எந்த அணி மிகுதியான கோல்களைப் போட்டதோ அந்த அணி வென்றது. எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்தவர், அதைக் காத்து வைத்திருந்தவர், தக்க வேளையில் தக்க ஆளிடம் கொண்டு சேர்த்தவர் ஆகியோருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மறுநாள் நாளிதழில் கோல் போட்டவரின் பெயரும் நிமிடமும் அச்சாகும். அந்தக் கோலுக்கு முன்னே நடந்த உழைப்பு, பார்த்தவர் கண்ணோடு போய்விடும். எனவே நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் களத்தை விட்டு விலகும்போது, அவரைப் பின்னோக்கிப் பார்க்க விழையும் ரசிகர்களாகிய நமக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. அவரைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய உண்டு. சான்றாகக் காட்டுவதற்கு எண்கள் மிகக் குறைவு.

இந்தச் சங்கடத்தை நமக்கு உணர்த்தும் தமிழர் ஒருவர் உண்டு. அவர் தஞ்சாவூரில் பிறந்து, கொல்கத்தாவின் பெருங்கழகங்களுக்கு நடுக்களத்தில் நின்று ஆடிய குலோத்துங்கன். அவரது ஆட்ட வாழ்வைக் கொண்டு, நாம் யாரை நினைவில் வைக்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

நீர்ப்பாய்ச்சியின் பங்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதியில் வாழ்வோருக்கு இதை விளக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நமது மண் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கம்பும் சோளமும் பருத்தியும் மழையை நம்பி விளைய, கண்மாய் பெருகிய ஆண்டுகளில் மட்டுமே நெல்லைப் பற்றிப் பேச்செழும். அப்படிக் கண்மாய் பெருகிய ஆண்டுகளில் ஊரில் ஒருவருக்குப் பெரும்பொறுப்பு வந்து சேரும். அவரே நீர்ப்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது, கடைமடைக்காரனுக்கும் தண்ணீர் எட்டுமா என்பதெல்லாம் அவர் கையில் இருந்தன. இரவில் மண்வெட்டியும் கையுமாக வரப்பில் நின்றவர் அவர். விளைச்சலோ நிலத்துக்காரர் பெயரிலேயே பேசப்பட்டது.

ஆயினும் நம் முன்னோர் ஒன்றைச் செய்தனர். அறுவடைக்குப் பின் களத்துமேட்டிலேயே நீர்ப்பாய்ச்சிக்கு உரிய நெல்லை அளந்து கொடுத்தனர். அதற்குச் சுதந்திரம் என்று பெயர். அது பிச்சையும் அன்று, பரிசும் அன்று, உரிமை. தண்ணீரைக் கொண்டு சேர்த்தவனுக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்பதை ஊர் ஒப்புக்கொண்ட முறை அது.

கால்பந்துக் களத்தின் நீர்ப்பாய்ச்சி நடுக்கள ஆட்டக்காரர். அவருக்குரிய சுதந்திரத்தை அளப்பவர் யார் என்பதே நமது கேள்வி.

ஆஃப்பேக் முதல் நடுக்களம் வரை

இந்த இடத்தின் வரலாறு சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணிகள் 2-3-5 என்னும் முறையில் நின்றன. பின்னே இருவர், இடையே மூவர், முன்னே ஐவர். இடையே நின்ற மூவரை ஆஃப்பேக் என்றனர். இந்தியாவுக்குக் கால்பந்தைக் கொண்டு வந்தவை இராணுவப் படைப்பிரிவுகளும், இரயில்வேயும், மறைபணியாளர் நடத்திய பள்ளிகளும் ஆகும். அவை கொண்டு வந்தது இந்த முறையைத்தான்.

1925இல் ஆஃப்சைடு விதி மாறியது. பந்தை வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்றிருந்த விதி, இருவர் இருந்தால் போதும் என்று தளர்ந்தது. கோல்கள் பெருகின. தற்காக்க வேண்டிய தேவையும் பெருகியது. மூவரில் நடுவே நின்றவர் பின்னே இழுக்கப்பட்டார். பிறகு 1958இல் உலகக் கோப்பையை வென்ற பிரேசில் அணி, நால்வரைப் பின்னும் நால்வரை முன்னும் நிறுத்தி, இடையே இருவரை மட்டும் விட்டது. அந்த இருவர் மீது விழுந்த சுமையை எண்ணிப் பாருங்கள். பின்னே இடர் வந்தால் ஓட வேண்டும். முன்னே வாய்ப்பு வந்தாலும் ஓட வேண்டும். நடுக்களம் என்பது ஆட்டத்தின் உழைப்பு முழுதும் கடந்து செல்லும் வாயிலாக மாறியது இவ்வாறே.

இந்திய அணியின் பொற்காலமும் இக்காலமே. 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 செப்டம்பரில் ஜகார்த்தாவின் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். அந்த இறுதி ஆட்டத்தில் கோல் போட்ட பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங் ஆகியோரின் பெயர்கள் இன்றும் சொல்லப்படுகின்றன. சென்னைப் படைப்பிரிவு மையத்தில் ஆடி வளர்ந்த இலக்குக் காவலர் பீட்டர் தங்கராஜையும் நாம் பெருமையோடு நினைக்கிறோம். அதே அணியின் இடைக்களத்தைச் சேர்ந்த பிராங்கோ, ராம் பகதூர் ஆகியோரை நினைப்பவர் எத்தனை பேர்? பதக்கம் எல்லார் கழுத்திலும் ஒன்றுபோல்தான் தொங்கியது. நினைவு மட்டும் ஒன்றுபோல் பங்கிடப்படவில்லை.

தஞ்சையிலிருந்து ஜகார்த்தாவுக்கு

நாற்பத்தோர் ஆண்டுகள் கழித்து அதே ஜகார்த்தா மாநகரம் மீண்டும் நம் கதைக்குள் வருகிறது. 2003 சூலையில் அங்கே ஆசியான் கழகங்களுக்கான கோப்பைப் போட்டி நடைபெற்றது. சுபாஷ் பௌமிக்கின் பயிற்சியில் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகம் அதில் கலந்துகொண்டது. முதல் ஆட்டத்திலேயே தாய்லாந்தின் பெக் டெரோ சாசனா கழகத்திடம் 0-1 என்று தோற்றது. பின்பு படிப்படியாக எழுந்து, அரையிறுதியில் இந்தோனேசியக் கழகம் ஒன்றைப் பெனால்டி உதைகளில் கடந்து, சூலை 26ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் தன்னை வீழ்த்திய அதே தாய்லாந்துக் கழகத்தை 3-1 என்று வென்றது. இந்தியக் கழகமொன்று வெளிநாட்டு மண்ணில் பெற்ற வெற்றிகளில் இதற்குத் தனி இடமுண்டு.

அந்த அணியில் இடம் பெற்றிருந்த தமிழர் குலோத்துங்கன். இறுதி ஆட்டத்தின் கோல்கள் மைக் ஓகோரோ, பாய்ச்சுங் பூட்டியா, ஆல்விட்டோ டி குன்ஹா ஆகியோருடையவை. வரலாறு அவற்றைக் குறித்து வைத்தது. குறித்து வைக்கவும் வேண்டும். குலோத்துங்கனின் பங்கோ அணிப் பட்டியலில் ஒரு பெயராக நின்றது. சோழ மன்னன் ஒருவனின் பெயரைத் தாங்கிய அவர், சோழநாட்டின் தலைநகரிலிருந்து வங்கத்துக்குச் சென்று, அங்குள்ள பல்லாயிரம் ரசிகர்களின் அன்பைப் பெற்றார். ஈஸ்ட் பெங்காலின் நெடுநாள் போட்டியாளரான மோகன் பகான் கழகத்துக்கும் ஆடினார். மும்பையிலும் கேரளத்திலும் உள்ள கழகங்களுக்கும் உழைத்தார். இவ்வளவு தொலைவு நடந்த ஒரு தமிழரின் பெயரைத் தமிழகத்தில் அறிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், விடை நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

தஞ்சை மண்ணின் மற்றொரு மகனின் கதையும் இத்தகையதே. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் இருந்தவர் சைமன் சுந்தரராஜ். அந்த அணி ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றது. பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று வீழ்ந்தது. பின்னாளில் அவர் கேரள அணிக்குப் பயிற்சியாளரானார். 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. இரயில்வே அணியை 3-2 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தின் மூன்று கோல்களையும் போட்ட அணித்தலைவர் மணியைக் கேரளம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அந்த அணியைப் பழக்கிய தமிழரை நாம் நினைப்பதுண்டா?

விடைபெறும் முறைகள்

விளையாட்டு வீரர் எல்லாரும் ஒருநாள் விடைபெற்றே ஆக வேண்டும். விடைபெறும் முறைகள்தாம் வேறுபடுகின்றன. 2024 சூன் 6ஆம் நாள் கொல்கத்தாவின் சால்ட் லேக் அரங்கில் குவைத்துக்கு எதிராக ஆடி, சுனில் சேத்ரி இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். ஆட்டம் கோலின்றி முடிந்தது. அரங்கம் நிறைந்திருந்தது, பலர் கண்ணீர் விட்டனர். நாட்டுக்காக 94 கோல்கள் என்ற எண் அவர் பெயருக்கு முன்னே நடந்து சென்றது. மறு ஆண்டு அவர் மீண்டும் அழைக்கப்பட்டுக் களமிறங்கியதும் அந்த எண்ணின் வலிமைக்குச் சான்று.

அதே ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், உலகம் கண்ட மிகச்சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களுள் ஒருவரான ஸ்பெயினின் இனியெஸ்தா ஓய்வை அறிவித்தார். அவர் சட்டையின் எண் 8. ஆகவே அந்த நாளைத் தேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பந்தைப் பிறர் காலில் கொண்டு சேர்த்த அவரைப் பற்றி உலகெங்கும் எழுதியவர்கள் தவறாமல் எடுத்துக் காட்டியது எதை? 2010இல் நெதர்லாந்துக்கு எதிரான உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், 116ஆம் நிமிடத்தில் அவர் போட்ட கோலை! நடுக்களத்தின் மேதைக்கும் கோல்தான் அடையாளச் சீட்டாகிறது.

நம் சென்னையிலும் இதைக் கண்டோம். வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் சென்னையின் எஃப்.சி. அணியின் நடுக்களத்தில் பல ஆட்டங்களில் உழைத்தவர். 2018 மார்ச்சில் கோவா அணிக்கு எதிரான அரையிறுதியில் அவர் தலையால் முட்டிப் போட்ட ஒரு கோலே ரசிகர் நினைவில் முதலில் வந்து நிற்கிறது. ஒரு நொடி, பல ஆண்டுகளை மறைத்துவிடுகிறது.

உலகப் புகழ் இல்லாத நடுக்கள வீரருக்கோ அந்த அறிவிப்பும் இல்லை. முற்காலத்தில் ஆட்டக்காரர் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்தார். தென்னக இரயில்வே, இரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் வங்கி போன்றவை அணிகளை நடத்தின. கால் தளர்ந்த பின்னும் மேசை ஒன்று காத்திருந்தது. 1996இல் தேசியக் கால்பந்து லீக் தோன்றிய பின் ஒப்பந்த ஆட்டம் வளர்ந்தது. ஊதியம் உயர்ந்தது உண்மை. ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நாளே ஓய்வு பெற்ற நாளாக மாறியதும் உண்மை. மாலை இல்லை, மேளம் இல்லை; ஒரு பருவத்தில் பட்டியலில் இருந்த பெயர் அடுத்த பருவத்தில் இல்லை. அவ்வளவே.

நாம் அளக்க வேண்டிய நெல்

குலோத்துங்கனை 2018 செப்டம்பரில் தஞ்சாவூரில் நேர்ந்த இருசக்கர வாகன விபத்து கொண்டு சென்றது. அப்போது அவருக்கு அகவை நாற்பதை ஒட்டியிருந்தது. அன்று வெளிவந்த செய்திகள் அவரை முன்னாள் நடுக்கள வீரர் என்றும், 2003இல் கோப்பை வென்ற அணியினர் என்றும் அறிமுகம் செய்தன. சிலருக்கு அதுவே முதல் அறிமுகம். ஒருவரை அறிய அவரது இறப்புச் செய்தி தேவைப்படுவது எத்துணைத் துயரம்!

சிலர் கேட்கலாம்: கோல் போட்டவரைப் போற்றுவது இயல்புதானே? களத்தில் ஆயிரம் பேர் உழைத்தாலும் மக்கள் பார்ப்பது கதிரைத்தானே? இயல்புதான், நாம் மறுக்கவில்லை. கோல் என்பது கண்ணுக்குத் தெரியும் கனி. அதைக் கொண்டாடாமல் ஆட்டம் இல்லை. ஆனால் இயல்பாக நிகழ்வது எல்லாம் நீதியாகிவிடாது. நம் முன்னோரும் கதிரைத்தான் பார்த்தனர்; எனினும் நீர்ப்பாய்ச்சிக்கு அளந்த பின்னரே நெல்லை வீட்டுக்குக் கொண்டு போயினர். இயல்பாக மறந்து போவதை நினைவில் வைக்கவே அவர்கள் ஒரு முறையை ஏற்படுத்தினர்.

நாமும் அத்தகைய முறையை ஏற்படுத்தலாம். நமது சிற்றூர்களில் கபடிக்கும் கைப்பந்துக்கும் இருக்கும் செல்வாக்கு கால்பந்துக்கு இல்லை என்றாலும், வற்றிய கண்மாய்ப் பரப்பிலும் பள்ளித் திடலிலும் மாலை வேளைகளில் பந்து உருளத்தான் செய்கிறது. அங்கே ஆடி, இன்று தறிக்கூடத்திலோ, நூற்பாலையிலோ, வெளியூர்க் கடையிலோ உழைக்கும் முன்னாள் ஆட்டக்காரர்கள் ஊர்தோறும் உண்டு. அவர்கள் ஆடிய ஆண்டு எது, எந்த இடத்தில் நின்றனர், உடன் ஆடியோர் யார் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. திருவிழாக் காலப் போட்டிகளில் கோப்பை வழங்கும்போது, மிகுதியான கோல் போட்டவருக்குப் பரிசு தருவதோடு, பந்தைச் சேர்த்துக் கொடுத்தவரையும் மேடைக்கு அழைக்கலாம். அணியின் பதினொருவர் பெயரையும் உரக்கப் படிக்கலாம். நம் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தால், பிறர் வெல்லத் தான் ஓடுவதும் பெருமையே என்று கற்றுக்கொள்வர். அந்தப் பாடம் களத்துக்கு வெளியேயும் அவர்களுக்கு உதவும்.

தாய், ஆசிரியர், செவிலியர், ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் பணியாளர் என்று நம்மைச் சுற்றி நடுக்களத்தில் நிற்பவர் பலர். அவர்களுள் எவருக்கும் கோல் கணக்கு இல்லை. குலோத்துங்கனுக்கு நாம் அளக்கத் தவறிய நெல்லை இனி அவருக்கு அளக்க இயலாது. இன்னும் நம்மிடையே இருப்பவர்களுக்கு அளக்கலாம். மரக்கால் நம் கையில்தான் இருக்கிறது.